கடல் நிலையைப் பொறுத்தது

பத்தொன்பது வருடமாய்
பாறைக்குப் போகும் படகுக்கு
டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறேன்.
கவுண்டர் ஓட்டை சின்னது,
முகம் தெரியாது, கைதான்.
மருதாணி மங்காத கை தேனிலவு.
மணல் ஒட்டிய ஈரக் கை
விடியலைப் பார்த்துவிட்டு வருவது.
கசங்கிய பட்டியலோடு நீளும் கை
மத்தியானத்துக்குள்
திருவனந்தபுரம் போயாக வேண்டியது.

இப்போது என் கையிலும் ஒரு பட்டியல்.
ரத்தான டிக்கெட் கட்டின் பின்பக்கம்
லிஸ்பன் என்று எழுதி
அடியில் இரண்டு கோடு.

'அங்க யாருட்டி இருக்கா?'
வாவத்துறை முழுக்க இதே கேள்வி.
யாருமில்லை.
'நர்சு வேலையா?'
இந்த வயதிலா.
'மகளுக்குப் பேறுகாலமா?'
மகளே இல்லை.
'பாத்திமா மாதாவுக்கு நேர்ச்சை?'
அதுவும் இல்லை அக்கா,
சும்மா பார்க்க.
'சும்மாவா!'
மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டுச்
சிரித்தாள் வியாகுலம்மாள்,
சிரிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.

இங்கிருந்து போனவர்கள் உண்டு.
மஸ்கட்டில் வலை இழுக்க,
குவைத்தில் ஊசி போட,
எல்லை தெரியாமல் மீன் பிடித்து
அயல்நாட்டுச் சிறையில் ஆறு மாதம் இருக்க.
சும்மா பார்க்கப் போனவர் இல்லை.
ஆனால் தினமும் ஆயிரக்கணக்கில்
சும்மா பார்க்க
எங்கள் வாசலில் வந்து இறங்குகிறார்கள்.
அவர்களிடம் யாரும் கேட்டதில்லை
இங்கே யார் இருக்கிறார்கள் என்று.

கூட வருவது டெல்பின் மைனி.
ஏழு குன்றுகளின் மேல் கட்டிய ஊர் என்றதும்
குன்றுக்கு ஒன்று வீதம்
முட்டுக்குத் தைலம் எடுத்து வைத்தாள்.

மஞ்சள் டிராமுக்கு வரிசை நீளமாம்.
வரிசையா, எனக்கா?
சபரிமலை சீசன் கூட்டத்தைச்
சமாளித்தவள் சொல்கிறேன்:
முதல் நிறுத்தம், காலை ஏழு மணி,
சில்லறை கையில்.

திங்கட்கிழமை ஆற்றோரக் கோபுரம் பூட்டு.
இதைக் கண்டுபிடித்த அன்று
எனக்கு நானே டீ வாங்கிக் கொடுத்தேன்.
பூட்டிய கவுண்டருக்கு முன்னால்
எத்தனை குடும்பம் நின்று
என்னைத் திட்டியிருக்கிறது.

உப்புப் போட்டு உலர்த்திய மீனை
நாளைக்கு ஒரு விதமாய்
வருடம் முழுக்கச் சமைப்பார்களாம்.
'ரெண்டு லட்சம் செலவழிச்சு
கருவாடு திங்கவாட்டி?'
என்றாலும் மைனி
அதற்கும் ஒரு மத்தியானம் ஒதுக்கினாள்.

விமானத்தில் ஜன்னல் சீட் கேட்க வேண்டும்,
அவர்கள் பாஷையில் எப்படி?
போனைத் தட்டினேன். ஜனேலா என்றது.
இருவரும் எங்கள் ஜன்னலைப் பார்த்தோம்,
கொக்கி உடைந்து
கயிறு கட்டி நிற்கும் அதை.
'அப்ப பாதி பாஷை வந்தாச்சு' என்றாள்.

ஊருக்கு மேற்கே ஒரு முனை இருக்கிறது.
அந்தக் கண்டமே அங்கே தீர்ந்துவிடுமாம்.
பாறை, காற்று, ஒரு கலங்கரை விளக்கம்,
வந்து போனதற்குச்
சான்றிதழும் விலைக்குத் தருவார்களாம்.
முனைக்கு எனக்கென்ன பஞ்சம்.
அடித்துவிட்டேன்.

ஜூன் கடைசியில் காற்று தூக்கி
மூன்று நாள் படகு இல்லை.
பலகையைத் திருப்பிப் போட்டேன்:
சேவை கடல் நிலையைப் பொறுத்தது.
ராய்ப்பூரிலிருந்து ஒரு தம்பதி,
பணம் திரும்ப வேண்டாம்,
நிற்கலாமா என்று மட்டும் கேட்டார்கள்.
பத்து மணிக்கு நின்றவர்கள்
நான் சோறு தின்று, கணக்கு முடித்து,
பூட்டைத் தேடும்போதும்
நின்றார்கள்.
அவர் செருப்பைக் கழற்றி
இடுக்கில் வைத்திருந்தார்.
என்ன பார்த்தீர்கள் என்று கேட்க
எனக்கு இந்தி போதவில்லை.

ராத்திரி பட்டியலில்
வியாழக்கிழமைக்கு நேராக
முனையை மறுபடி எழுதினேன்.
நேரம் போடவில்லை.
பக்கத்தில், பழக்க தோஷத்தில்,
கடல் நிலையைப் பொறுத்தது.

மைனிக்குத் தூக்கம் வரவில்லை.
'அங்கயும் டிக்கெட் குடுக்க
ஒருத்தி இருப்பா இல்லியா?'
இருப்பாள்.
'உன்ன மாதிரி, கைய மட்டும் பாப்பாளா?'
பார்ப்பாள்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு இருட்டில் எழுந்து போய்
அலமாரியைத் திறந்து
வளையல் பெட்டியை எடுக்கிற சத்தம்.