வாகனத் தரிப்பிடம் பார்த்த அறை

களப்பைப் பார்த்த அறையென்றால்
இன்னும் மூவாயிரம் என்றாள் வரவேற்பில் நின்ற பிள்ளை.
"களப்பு நம்மட தம்பிலுவில்லயும் கிடக்குதானே"
இவர் என் காதுக்குள் சொன்னார்.
அவளுக்கும் கேட்டிருக்கும்.
சிரிக்காமல் அட்டையை நீட்டினாள்:
முன்னூற்று ஏழு,
காலைச் சாப்பாடு ஏழிலிருந்து பத்துவரை,
நீச்சல் தடாகத்தில் திருத்த வேலை.

இதே கொம்பனியின் கொழும்பு ஹோட்டலில்
போன வருசம் பதினொரு இரவு.
காசு சுவிஸ் மச்சானுடையது,
புள்ளிகள் எங்கள் பெயரில் சேர்ந்துவிட்டன.
மகரகமவில் டொக்டர்
இனி ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்றதும்
புள்ளி காலாவதியாக முதல் எங்கயும் போவம் என்றார் இவர்.
அப்படித்தான் மட்டக்களப்பு.
அரை விலையில் இரண்டு இரவு.

கதவைத் திறந்தால்
கொழும்பு.
அதே மண்ணிறத் திரைச்சீலை,
அதே கேத்தல், கவிழ்த்து வைத்த இரண்டு கோப்பை,
கட்டிலுக்கு நேரே சுவரில்
கரையில் கட்டிய அதே மூன்று தோணி.
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
இவர் கேத்தலைத் தூக்கிப் பார்த்து வைத்தார்.
பைகளைப் போட்டுவிட்டு
தீப்பிடித்த வீட்டிலிருந்து வெளிக்கிடுவதுபோல் வெளிக்கிட்டோம்.

கோட்டைப் படியில் இவருக்கு மூச்சு வாங்கியது.
செருப்பு வாரைச் சரிசெய்வதாய் நான் குனிந்தேன்,
நிற்க ஒரு சாட்டு வேண்டுமே.
கல்லடிப் பாலத்தில் ஐஸ்கிறீம், பாதி காற்சட்டையில்.
பசாரில் ஒரு சேட் எடுத்தோம்.
பழைய அளவையே சொன்னார்.
முதுகுக்குப் பின்னால் நின்று
இரண்டளவு குறைத்துத் தாங்க என்று
கடைக்காரருக்கு விரல் காட்டினேன்.
போட்டுப் பார்த்து
"பாத்தியா, மெலியேல்ல நான்" என்றார்.

இரவு இவர் குளிக்கப் போனதும்
ஒன்பதை அழுத்தினேன்.
றிம்சான் என்று நெஞ்சில் பெயர் குத்திய பொடியன் வந்தான்.
"படத்துக்கு என்ன மிஸ்?"
"ஒண்டுமில்ல தம்பி. கொண்டு போங்க."
சுவரில் வெளிறிய ஒரு சதுரம் மிஞ்சியது.
ஆணி.

துவாயோடு வந்தவர் தலை துவட்டுவதை நிறுத்தினார்.
"தோணி எங்ககா?"

நான் உடுப்பு மடித்தேன்.

"ஆறு கயிறு" என்றார் கொஞ்சம் பொறுத்து.

"ஏழு."

வாயிலிருந்து தானாக விழுந்தது.
மடித்த உடுப்பை விரித்து மறுகா மடித்தேன்.

"ஆறுதான். ராவு ராவா எண்ணியிருக்கன்."

"கடைசித் தோணிக்குப் பின்னால
மெல்லிசா ஒண்டு கிடக்கு. நீங்க அதை விட்டிட்டீங்க."

பதினொரு இரவும்
அவர் நித்திரை என்று நான் அசையாமல் கிடந்தேன்.
திரைச்சீலை இடுக்கால் தெருவிளக்கு வரும்,
தோணிகளில் மட்டும் விழும்.
பக்கத்தில் குறட்டை கேட்கும்,
அப்பாடா, மருந்து வேலை செய்யுது என்று நினைப்பேன்.

"அப்ப அந்தக் குறட்டை?"

புதுச் சேட்டின் பொத்தானை
ஒரு ஓட்டை தள்ளிப் பூட்டிக்கொண்டிருந்தார்.
"நீ நித்திரை கொள்ளட்டும் எண்டுதான்" என்றார்.

அழவில்லை.
சிரிப்பு வந்தது, இருமல் மாதிரி, நிற்கவில்லை.
இத்தனை வருசம் குடித்தனம் நடத்தியும்
கள்ளக் குறட்டையைப் பிடிக்கத் தெரியவில்லை எனக்கு.
இவரும் சிரித்து, கட்டிலில் இருந்து,
விலாவைப் பிடித்துக்கொண்டார்,
தையல் போட்ட பக்கத்தை.

இந்த முறை ஒன்பதை அழுத்தியது அவர்.
"தம்பி, அந்தப் படத்தைத் திருப்பிக் கொண்டாங்க.
ஓம், இப்பவே."

பதினொரு மணிக்கு, வெறுங்காலோடு,
கதிரையை இழுத்துப் போட்டு ஏறினேன்.
இவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டார்.
போனின் வெளிச்சம் தோணி தோணியாய் நகர்ந்தது.
கதவடியில் றிம்சான்
போவதா நிற்பதா என்று நின்றான்.
பிறகு பார்த்தால்
அவன் உதடும் அசைகிறது.