நான்கு அறைப் பெட்டி

ஷாஜகான் கடையில் மின்விசிறி ஓடவில்லை.
கண்ணாடி அலமாரிப் பெட்டிகளுக்கு மட்டும்
ஆளுக்கொரு விசிறி.
"ரெண்டு அறையா, நாலு அறையா?" என்கிறார்
வாடகைக்கு வீடு பிடித்துத் தருபவர் போல.

எனக்கு வேண்டியது
பதினோரு வருடக் கல்யாணங்கள் குடியிருக்க ஓர் இடம்.
பதினான்கு டெராபைட்.
அதில் கால்வாசி, பந்தியில் யாரோ மூடிவைத்த இலைகள்.
அழித்துவிடலாம் என்பாள் ரெஜினா.
பொன்னுரங்கம் படியேறி வரும்வரை
எனக்கும் அதில் ஆட்சேபம் இல்லை.

பொன்னுரங்கம், சூரமங்கலம், பழைய இரும்பு வியாபாரம்.
ஒன்பது வருடம் முன்பு மச்சினன் மகள் கல்யாணத்தில்
ஐயாயிரத்து ஒன்று மொய் வைத்தாராம்.
கவரைப் பிரித்தவர்கள் நோட்டில் எழுதியது ஐநூற்று ஒன்று.
போன மாதம் அவர் பேரன் காதுகுத்துக்கு
அதே ஐநூற்று ஒன்று திரும்பி வந்திருக்கிறது.
"வீடியோவுல இருக்கும். எடுங்க."

எடுத்தேன்.
மேசை இழுப்பறையிலிருந்த சின்ன வட்டு
டிக், டிக், டிக் என்றது.
பல்லி சொல்லுக்குப் பலன் பார்க்கும் தெருவில் பிறந்தவள் நான்;
தெற்கே சொன்னால் என்ன, கிழக்கே சொன்னால் என்ன, தெரியும்.
வட்டுக்குள்ளிருந்து சொன்னால்?
கேட்டுக்கொண்டிருந்தபோதே
அதுவும் நின்றது.

புதுப்பெட்டி விலைக்கு ஒரு பழைய ஸ்கூட்டர் வரும்.
எனவே, நாலு ரோட்டுப் பக்கம் மூடிப்போன கோச்சிங் சென்டரின்
கணினி ஒன்று, நாலாயிரம்.
உள்ளே ஆறு சாட்டா வாய், இன்னும் பல் விழாதவை.
பிராசசர் கிழடு. இருக்கட்டும்,
கேட்டதை எடுத்துக் கொடுக்கத்தானே, யோசிப்பதற்கா?
தன் தப்பைத் தானே திருத்திக்கொள்ளும் ராம்
அதில் ஏறாது.
எங்கள் குடும்பத்திலும் யாருக்கும் ஏறியதில்லை.

பவர் சப்ளை மட்டும் புதிது, நல்லதாக.
எங்கள் தெருவில் கரண்ட் போவது பிரச்சினையில்லை,
திரும்பி வருகிற வேகம்தான்.
முகப்பில் கழற்றிக் கழுவும் வலை.
வெள்ளைக்கல் சுரங்கப் பக்கமிருந்து காற்றடிக்கும் மாதங்களில்
கீபோர்டில் பவுடர் பூசியிருக்கும்.

"நாலு வட்டையும் எங்கிட்டயே வாங்காதீங்க"
என்றார் ஷாஜகான், தன் கல்லாவுக்கு எதிராக.
"ஒரே நாள்ல பொறந்தது ஒரே வாரத்துல போகும்."
ரெண்டு அவரிடம். ஒன்று ஈரோட்டில்.
நாலாவதை பெங்களூர்த் தம்பி ஏற்காட்டுக்குக் கொண்டுவர,
ரெஜினா துண்டில் சுற்றி மடியில் வைத்து
இருபது கொண்டை ஊசியும் இறங்கினாள்.
முட்டையா என்று கேட்டாராம் பக்கத்து சீட்டுக்காரர்.
ஆமாம் என்றிருக்கிறாள்.

நாலில் ஒன்று செத்தால்
மற்ற மூன்றும் தங்களிடம் இருப்பதைக் கூட்டிக் கழித்து
அது என்ன வைத்திருந்தது என்று சொல்லிவிடும்,
ஒரு பைட் குறையாமல்.
பங்காளிகளுக்கு இந்த ஏற்பாடு இருந்தால்
பொன்னுரங்கம் என் படி ஏறியிருக்க மாட்டார்.

செத்த வட்டைச் சென்னைக்கு அனுப்பினேன்.
ஐயாயிரத்து ஒன்றைத் தேடப் பதினெட்டாயிரம்,
அவர் பாதி, நான் பாதி.
வந்ததும் புதுப்பெட்டியில் முதலில் குடியேறியது
அந்தக் கல்யாணம்தான்.

மேடை. வரிசை. பொன்னுரங்கம் வருகிறார்,
தலை நிறைய முடியோடு.
கவரை நீட்டுகிறார்.
ஒட்டிய கவர். நான்கு மூலையிலும் மஞ்சள்.
நிறுத்தினேன், பெரிதாக்கினேன்,
மஞ்சள் சதுரம் சதுரமாக உடையும் வரைக்கும்.

ரெஜினா என்னைப் பார்த்தாள்.
அவர் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.
"கவர் கொஞ்சம் தடிமனாத் தெரியுதில்லைங்களா?"

தெரியுதுங்க, என்றேன்.