பெயருக்கு விட்ட இடம்

அறிக்கையை அக்டோபரிலேயே எழுதிவிட்டேன்.
"நீண்ட யோசனைக்குப் பிறகு,
என் மனசாட்சி சொன்னபடி" என்று தொடங்கும்.
பெயர் வரும் இடத்தில் மட்டும் ஒரு கோடு.

மனசாட்சி அப்போது
இன்னும் யாரையும் சந்தித்திருக்கவில்லை.

மாநில செனட்டர் ஜீனெட் கூலோம்புக்கு
நான் கார் ஓட்டுகிறேன், கடிதம் எழுதுகிறேன்,
யார் அழைத்தாலும் "கூட்டத்தில் இருக்கிறார்" என்கிறேன்.
பெரும்பாலும் பக்கத்து இருக்கையில்தான் இருப்பார்,
பூட்ஸைக் கழற்றிவிட்டு
ஹீட்டருக்கு நேராகக் கால் நீட்டிக்கொண்டு.

நியூ ஹாம்ப்ஷயரின் வட கோடி.
காகித ஆலை மூடிய ஊர்.
எங்களிடம் மிச்சம்
நாலாயிரத்துச் சொச்சம் வாக்கும்
ஆறு டன்னுக்கு மேல் ஏறக்கூடாத ஒரு பாலமும்.
பள்ளிப் பேருந்து இக்கரையில் பிள்ளைகளை இறக்கிவிடும்.
அவர்கள் நடந்து கடப்பார்கள்.
பின்னால் காலிப் பேருந்து வரும், மெதுவாக.

ஆனாலும் நாலு வருஷத்துக்கொருமுறை
ஜனாதிபதியாக விரும்புகிற எல்லாருக்கும்
எங்கள் பனி பிடித்துப்போகும்.

ஆளுநர் விட்கோம்ப் தானே அழைத்தார்.
யாரோ குறிப்பெழுதிக் கொடுத்திருக்கிறார்கள்:
கணவர் பெயர், நாயின் பெயர்.
இரண்டையும் மாற்றிப் படித்துவிட்டார்.
"ரெனே இப்போதும் அணில்களைத் துரத்துகிறானா?"
"முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு
குறைத்துக்கொண்டார்" என்றார் ஜீனெட், சிரிக்காமல்.

ஓஸ்டர்லண்டின் ஆள் நேரிலேயே வந்தான்.
டக்கர் என்று பெயர். புதுக் கோட்டு,
கைமடிப்பில் விலைச்சீட்டின் நூல் இன்னும் தொங்கியது.
மார்ஷண்ட் விடுதி, கடைசி மேசை.
சம்பந்தம் பேசி முடியும் முன்
கை நனைக்க மாட்டார்களே, அதுபோல
டோனட்டைத் தொடாமல் வைத்திருந்தார் ஜீனெட்.

விலை என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை.
வானிலை பற்றி மூன்று முறை பேசினார்கள்.
போன தேர்தலின் கடன், முப்பத்தோராயிரம் டாலர்,
"நண்பர்கள் கூடி ஒரு விருந்து வைக்கலாமே" என்று
சர்க்கரைக் கிண்ணத்தைப் பார்த்துச் சொன்னான் டக்கர்.

"பாலம்" என்றார் இவர்.
"வென்றதும் முதல் வேலை."
"தோற்றால்?"
"தோற்க மாட்டோம்."
"அதை நான் கேட்கவில்லை."

வெளியே போனான்.
தொப்பியில்லாமல் பனியில் நின்று
பதினோரு நிமிடம் போனில் பேசினான்.
காது சிவந்து திரும்பி வந்து,
"தோற்றாலும்" என்றான்.

ஜீனெட் டோனட்டைப் பிட்டார்.
காரில் நான் கோட்டை நிரப்பினேன்.

சனிக்கிழமை, தீயணைப்பு நிலையம், ஏழு கேமரா.
"மனசாட்சி" என்ற இடத்தில்
அவர் குரல் உடைந்தது.
அதை நான் எழுதிக் கொடுக்கவில்லை.
அது என்னவென்று கேட்கவும் இல்லை.

ஓஸ்டர்லண்ட் மூன்றாவதாக வந்தார்.
புதன்கிழமை குடும்பத்தோடு நின்று நன்றி சொல்லி விலகினார்.
டக்கரின் எண் உபயோகத்தில் இல்லை.

வியாழன் காலை விட்கோம்பின் ஆட்கள்.
இந்த முறை கணவர் கணவராகவும்
நாய் நாயாகவும் இருந்தார்கள்.
"கூட்டத்தில் இருக்கிறார்" என்றேன்.
கூட்டம் ஹீட்டர் முன் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

மடிக்கணினியில் ஒரு பெயரை அழித்தேன்.
வேறு எந்தச் சொல்லையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

பாலத்தருகே கார் நின்றது. பேருந்துக்கு வழி விட.
குல்லாய்கள், ஒன்றன்பின் ஒன்றாக,
கைப்பிடிக் கம்பியைத் தொட்டுக்கொண்டே.
ஒரு பையன் நடுவில் நின்று எம்பிக் குதித்துப் பார்த்தான்.

"பதினேழு" என்றார் ஜீனெட்.
பூட்ஸை மாட்டிக்கொண்டார்.
"கூப்பிடு அவர்களை."