மாடிப் போர்ஷன்

மாட்டுத்தாவணி பழமண்டி, விடியக்காலை நாலரை.
சோணைமுத்து எனக்கென்று அழுகல் கொய்யாவை
ஒதுக்கி வைத்திருக்கிறார்.
"ஈ பிடிக்கிறதுக்கு கவருமெண்டு சம்பளமாக்கும்"
தினமும் அதே கேள்வி, அதே சிரிப்பு.
சம்பளமில்லை, உதவித்தொகை.
அதுவும் மார்ச்சிலிருந்து வரவில்லை.

குப்பியின் வாயைப் பஞ்சால் அடைக்கிறேன்.
உள்ளே நாற்பதோ ஐம்பதோ,
எள்ளளவு உடம்பு, சிவந்த கண்.

அதற்குள்ளும் ஓர் ஆள்: வோல்பாக்கியா.
தாய் முட்டைக்குள் வைத்து அனுப்ப,
மகள் அவள் முட்டைக்குள் வைத்து அனுப்ப,
வெயிலே பார்க்காமல் இந்த மண்டிவரை வந்த பாக்டீரியா.
மகனுக்குள் போனால் அதோடு சரி.

குடலில் அது நடமாடுவதில்லை.
உயிரணுவுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கும்.
ஆனாலும் அது குடியிருக்கும் ஈயின் குடலில்
புளிக்காடிப் பாக்டீரியா குறைந்துபோகிறது,
வேறு யாரோ வந்து பாய் விரிக்கிறார்கள்.
எப்படிச் சொல்லி அனுப்புகிறது
என்பதுதான் என் ஆய்வு. மூன்று வருடமாக.

போன வாரம் நாகமலை புதுக்கோட்டையில்
வீடு பார்க்கப் போனேன்.
தனி மீட்டர், போர்த்தண்ணீர், வேப்பமர நிழல்.
வீட்டுக்காரர் கீழே இறங்கவில்லை,
முழங்கால் வலி என்றார் தரகர்.
ஒரு கேள்வி மட்டும் படியிறங்கி வந்தது:
"சொந்த ஊர்ல எந்தத் தெரு?"
சொன்னேன்.
மோட்டார் ரிப்பேர், இப்போதைக்கு விடுவதாயில்லை
என்று பதில் வந்தது.
மோட்டார் ஓடும் சத்தத்தில் அது சரியாகக் கேட்கவில்லை.

இதை ஆய்வேட்டில் எழுத முடியாது. எழுதவும் கூடாது.
பாக்டீரியாவுக்குத் தெரு தெரியாது.
அதன் வழக்கெல்லாம் சர்க்கரை, இரும்பு,
கொஞ்சம் இடம்.

ஆய்வகத்தில் முப்பது தலைமுறை வளர்த்த ஈ
சொன்னபடி கேட்கும்.
மண்டி ஈ அப்படியில்லை.
திங்கள் கொய்யா, செவ்வாய் நசுங்கிய மாம்பழம்,
நடுவில் ஒரு மழை, மாடு நக்கிவிட்டுப் போன பலாச்சுளை.
நேற்று ஓட்டிய ஜெல்லில் பதினேழாவது ஈ:
வோல்பாக்கியா இருக்கிறது.
புளிக்காடியும் இருக்கிறது, கொழுத்த பட்டையாக.
இரண்டாம் முறையும் ஓட்டினேன். இருக்கிறது.
கைடு மாசு என்பார்.
மாசாகவும் இருக்கலாம்.
நோட்டில் பதினேழைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறேன்.

ஐஸ்பெட்டியை மடியில் வைத்து பஸ்ஸில் உட்கார்ந்தேன்.
பூக்கூடையோடு வந்தவள் கேட்டாள்,
"பெட்டியில என்ன, மீனா?"
"ஈ."
என் முகத்தைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள்,
கூடையைக் காலுக்கிடையில் தள்ளி
நெருங்கி உட்கார்ந்தாள்.
"எங்க, தொறந்து காட்டு."