கிளை கவராகும் இடம்

அக்டோபரில் இந்த உயிர்வேலியை நான்தான் வெட்டினேன்.
டிராக்டரின் பக்கவாட்டுக் கையில் இரும்புச் சம்மட்டிகள்,
ரேடியோவில் ரக்பி.
வேல்ஸ் தோற்றுக்கொண்டிருந்தது.

இன்று ஞாயிறு. எலினெட் வந்திருக்கிறாள்.
பல் ஆஸ்பத்திரியில் வேலை.
வாய்க்குள் விடும் அதே குட்டிக் கண்ணாடியைப்
பிளாக்தார்ன் முட்களுக்குள் விட்டு,
கிளை கவராகும் இடமாய்ப் பார்த்துப் பார்த்து நகர்கிறாள்.
புதரிடம் 'ஆ' காட்டு என்று சொல்லாததுதான் பாக்கி.

தேடுவது ஒரு முட்டை.
வெள்ளை. உப்புக்கல்லில் பாதி கூட இல்லை.
ஆகஸ்டு வெயிலில் ஒரு பழுப்புப் பட்டாம்பூச்சி
இறங்கி நடந்து வந்து
இளங்கொம்பைத் தேர்ந்து ஒட்டிவிட்டுப் போனது.
மே வரை அது அங்கேயே இருந்தாக வேண்டும்.
உறைபனி அதை ஒன்றும் செய்யாது. மழையும்.
"நீதான், கெத்தின்" என்றாள்,
கோபமில்லை,
சொத்தை இருக்கிறது என்று சொல்லும் குரல்.

காட்டுக்குள்ளே இருட்டு. ஆகாது.
புல்வெளியில் காற்று. அதுவும் ஆகாது.
இரண்டுக்கும் நடுவே இந்த நாலடி,
தெற்கு வெயில் வந்து சாய்ந்துகொள்ளும் நாலடி,
தலைவாராத பிள்ளை மாதிரி
வருஷா வருஷம் என் கண்ணை உறுத்திய நாலடி,
அதற்கு ஊர், நாடு எல்லாம்.

பண்ணை வரைபடத்தில் இது ஒரு கோடு.
கோட்டுக்கு அகலம் கிடையாது என்றுதான்
பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

மூலையில் ஆஷ் மரம்.
ஆணும் பெண்ணும் கூடுவது அதன் உச்சியில்,
நம் கழுத்து எட்டாத உயரத்தில்.
பூஞ்சை பிடித்துவிட்டது.
தண்டில் ஆரஞ்சு வட்டம் போட்டுவிட்டார்கள்.
ரோட்டுப் பக்கம் சாய்கிறது, மார்ச்சில் விழும்.
அடுத்த ஆகஸ்டில் எங்கே கூடும் என்றேன்.
எலினெட் கையுறையை மாட்டிக்கொண்டாள்.

வேலியின் கடைசியில்,
டீசல் தீர்ந்து இருட்டியும் போய்
நான் அப்படியே விட்டுப்போன எண்பது கஜத்தில்
பதினேழு.
நேர்த்தியாய் வெட்டிய நானூறு கஜத்தில்
ஒன்று.

அந்த ஒன்றை அவள் இரண்டு தரம் பார்த்தாள்.
என்னையும் பார்க்கச் சொன்னாள்.
கண்ணாடியில் முதலில் என் மூக்குதான் தெரிந்தது.
பிறகு, சம்மட்டி பிய்த்த கொம்பின் நாருக்கு
அரை விரல் கீழே,
அது.

கூட்டிப் பதினெட்டு என்று எழுதவில்லை அவள்.
தனித்தனியாகவே எழுதினாள்.

இனி மூன்று வருஷத்துக்கு ஒரு தரம்தான் வெட்டுவேன்.
முதலாளி ப்ரோதரோ கேட்டால்
பட்டாம்பூச்சி என்றா சொல்வது?
டீசல் விலை என்பேன்.
அது அவருக்குப் புரியும்.