மூன்றாவது கண்

நீடாமங்கலத்துக்குக் கிழக்கே ஒரு மதகு.
அதற்கு மூன்று கண்.
மூன்றாவது மட்டும் நிற்கவில்லை.
வைகாசியில் இரண்டு முறை கட்டி
இரண்டு முறையும் விடிவதற்குள் சரிந்து
மணலில் மண்டியிட்டது.

மேட்டூர் திறக்கப் பதினோரு நாள்.
காண்ட்ராக்டர் அமிர்தகடேசன் கனவில்
வெண்ணாறு வந்து
ஈரக் கூந்தலைப் பிழிந்தபடி
பெயர் சொல்லிக் கேட்டதாம்:
தையு.
லஸ்கர் பக்கிரியின் மகள். ஏழு வயது.

பக்கிரி அழவில்லை. யோசித்தான்.
கூத்துக்காரன் கடனுக்கு விட்டுப்போன என்னைச்
சாக்கிலிருந்து உருவினான்.
அவள் பாவாடையைக் கட்டினான்.
அவள் தோட்டை என் காதில் ஆணியடித்தான்.
அதே காதில் மூன்று முறை
அவள் பெயரை ஊதினான்.

எனக்கு உயிர் உண்டென்று யாருக்கும் தெரியாது.
அது எனக்கும் என் கயிறுகளுக்கும் இடையில்.
தையுவுக்கு மட்டும் சந்தேகம்.
ராத்திரி என் வாயில் பொட்டுக்கடலை திணித்துவிட்டுக்
காலையில் எண்ணிப் பார்ப்பாள்.
எலி தின்னும்.
பாதியை.

குழி தயார். ஜல்லி, கம்பி,
நிறுத்தாமல் உருளும் மிக்சர் மெஷின்.
அமிர்தகடேசன் என் முகத்தில் டார்ச் அடித்தான்.
"ஆறு கட்டையத் திங்குமாடா?
உசுரு வேணும்."
சட்டைப்பையிலிருந்து கோணி ஊசி.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.
அசையாவிட்டால் நான் கட்டை.
கட்டைக்குப் பதில் அவள்.
அசைந்தால்

தியாகம் கீகம் என்று எழுதிவிடாதீர்கள்.
வலித்தது. கத்தினேன்.
அவ்வளவுதான்.

பக்கிரி திரும்பிக்கொண்டான்.
கலவை முதலில் முழங்காலுக்கு வந்தது,
வெதுவெதுப்பாக.
பிறகு பாவாடை. பிறகு தோடு.
வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.
உள்ளே ஒரே ஒரு கடலை.

மூன்றாவது கண் நின்றது.
தண்ணீர் வந்தது. நெல்லும் பூவும் தூவினார்கள்.
கூட்டம் போனபின்
தையு கைப்பிடிச் சுவரில் காதை வைத்துத்
தட்டினாள்.
நான் பதில் தட்டவில்லை.

ஒன்றை மறந்துவிட்டார்கள்.
நான் கல்யாண முருங்கை.
வெட்டி வேலியில் செருகினாலே
தழைக்கிற ஜாதி.

இடது குதிகாலில் அரிக்கிறது.
வெள்ளையாய், நூலளவாய்,
யாரும் மேலிருந்து இழுக்காத ஒன்று
கம்பிகளுக்கு நடுவே ஈரம் தேடிப் போகிறது.
ஒரு நாள் இந்தக் கண்ணில் கீறல் விழும்.
அமிர்தகடேசனுக்கு மறுபடி கனவு வரும்.
ஆறு எப்போதும் சிறுபிள்ளைகளைத்தான் கேட்கிறது.

மெதுவாக, வேரே.
அவள் முதலில் வளரட்டும்.