வாட்டம்

சுவரை அறுத்துத்தான் நுழைத்தோம்.
பதினோரு அடி வாகைப் பலகை, ஒட்டே இல்லை.
ஆறடி சாப்பாட்டறையில்,
மீதி ஐந்தடி ஜன்னலைத் தாண்டிக்
கறிவேப்பிலைச் செடிவரைக்கும்.
"உள்ளேயும் வெளியேயும் ஒண்ணாயிருமுங்க" என்று
வரைபடத்தை விரித்துச் சொன்னது நான்தான்.
கோழிப்பண்ணைக்காரர் தலையாட்டினார்.
முன்பணம் அன்றே வந்தது.

உடுமலையில் ஆனி ஆடிச் சாரல்
கணவாய்க் காற்றோடு சாய்ந்தே வரும்.
தண்ணீர் வீட்டுக்குள் ஏறாதபடி
வெளிப்பக்கம் இரண்டு நூல் வாட்டம் விட்டேன்.
ரசமட்டத்துக் குமிழி
கொஞ்சம் உள்ளே தள்ளி நின்றது.
கண்ணுக்குத் தெரியாது.

பாலிஷ் காய்ந்த அன்று
அம்மணி டீ கொண்டுவந்தார்.
உள்முனையில் எனக்கு எவர்சில்வர் டம்ளர்.
வெளிமுனையில் வெள்ளியங்கிரிக்குக்
காகிதக் கப்.
நடுவே கண்ணாடிக் கதவு.
அதற்கடியில் நிற்காமல் ஓடியது
வாகையின் ரேகை.

பலகைமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தவர்
"வாட்டம் எந்தப் பக்கமுங்க?" என்றார்.
"வெளியே."
"அப்பச் சரிதானுங்." சிரித்தார்.

நானும் சிரிக்கப்போய்
முழங்கை பட்டு டம்ளர் கவிழ்ந்தது.
டீ கொஞ்சம் யோசித்தது.
பிறகு ரேகையைப் பிடித்துக்கொண்டு
கண்ணாடிக்குக் கீழே ஒரு நூல் சந்தில் புகுந்து
என் கணக்குப்படியே
அவரிடம் போய்ச் சேர்ந்தது.

கறை பிடிக்குமுன்
தோள் துண்டால் ஒற்றினார்
வெளியே ஐந்தடியையும்.
கதவைத் தள்ளி
உள்ளே ஒரு சாண் துடைத்திருப்பார்,

"உள்ள நாந் தொடச்சுக்கறன்,
நீ வுடு" என்றார் அம்மணி.